பேஷியலுக்குப் பின் முகம் சிவந்து வீங்கினால்: பாமசியா, ஆஸ்பத்திரியா, கண்டிப் பயணமா?

கல்யாணத்துக்கோ தோட்டத்துக் கோயில் தேருக்கோ நாலைந்து நாள் முன்னதாக ஹட்டனிலோ பண்டாரவளையிலோ உள்ள ஓர் அழகுநிலையத்தில் பேஷியல் செய்துகொண்ட முகம், வீட்டுக்கு வந்தபின் சிவந்து, அரித்து, கண்ணிமை தடித்துப் போனால், அந்த வீட்டில் உடனே பல யோசனைகள் எழும். ஒருவர் கற்றாழையை வெட்டிப் பூசச் சொல்வார். இன்னொருவர் டவுன் பாமசியில் ஒரு டியூப் வாங்கிவரக் கிளம்புவார். செய்துவிட்ட இடத்துக்கே திரும்பிப் போய்க் கேட்க வேண்டும் என்று ஒருவர் கொதிப்பார். அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்பது வேறொருவர் கருத்தாக இருக்கும். கண்டியில் தோல் நோய் வைத்திய நிபுணர் ஒருவரைச் செனல் செய்து, அதாவது தனியாரிடம் பணம் கட்டி முன்பதிவு செய்து, பார்ப்பதுதான் சரி என்று கொழும்பிலிருக்கும் உறவினர் தொலைபேசியில் சொல்வார். இவற்றுள் எது மேல் என்று பொதுவாகக் கேட்டால் உருப்படியான பதில் கிடைக்காது. முகத்தில் ஒட்டியிருப்பதை நீக்குவது ஒரு வேலை. இன்றைய அரிப்பையும் வீக்கத்தையும் தணிப்பது இன்னொரு வேலை. எந்தப் பொருள் ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டறிவது முற்றிலும் வேறான மூன்றாவது வேலை. மேற்சொன்ன வழிகள் ஒவ்வொன்றும் இவற்றுள் ஏதோ ஒன்றுக்குத்தான் பொருந்தும். அதைவிட முக்கியமாக, முதல் நாளில் அவசரப்பட்டு எடுக்கும் ஒரு முடிவு பிந்திய நாட்களுக்குரிய வழியை அடைத்துவிடக் கூடும். பிறகு வரும் வழியைக் கெடுக்காத வழி எது என்பதையே இந்த ஒப்பீட்டின் முதல் அளவுகோலாக வைத்துக்கொள்கிறேன். செலவும் தூரமும் அதற்கு அடுத்தவை.

ஒப்பிட்டுப் பார்க்க நேரமில்லாத நிலைமை ஒன்று உண்டு. உதடோ நாக்கோ தொண்டையோ வீங்குவது, மூச்சு விடச் சிரமப்படுவது, குரல் கம்முவது, உடம்பெங்கும் தடிப்பு எழும்பித் தலைசுற்றி விழப்போவது ஆகியவை முகத்தோலின் பிரச்சினைகள் அல்ல. அவை உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமையின் அறிகுறிகள். அப்போது 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து இலவச அம்புலன்ஸைக் கேட்க வேண்டும். அந்த நிலைக்குரிய முதல் மருந்து தொடையில் போடும் அட்ரினலின் ஊசியே தவிர, வீட்டு அலுமாரியில் கிடக்கும் பிரிட்டன் (Piriton) என்ற ஒவ்வாமை மாத்திரை அல்ல. மேல் டிவிஷன்களின் பாதையில் அம்புலன்ஸ் ஏறிவரப் பிடிக்கும் நேரத்தை எண்ணிப் பார்த்து, கையருகே ஒரு முச்சக்கரவண்டி இருந்தால் அழைப்பில் பேசிக்கொண்டே அதில் இறங்கத் தொடங்குவது சில தோட்டங்களில் புத்திசாலித்தனமாக இருக்கும். மயக்கம் வருபவரைப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்த வேண்டும். மூச்சுத் திணறுபவரை உட்காரவைக்கலாம். பிளீச்சோ தோலை உரிக்கும் பீலிங் திரவமோ கண்ணுக்குள் போயிருந்தால், முதலில் 15 முதல் 20 நிமிடம் வரை ஓடும் நீரில் கண்ணைத் திறந்து கழுவிவிட்டு, அதே நாளில் வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

எப்போது தொடங்கியது?

மற்றவர்களுக்கு, எந்த வழி என்பதைத் தீர்மானிப்பதற்கு முகம் எவ்வளவு மோசமாகத் தெரிகிறது என்பதைக் காட்டிலும், பேஷியல் முடிந்து எவ்வளவு நேரத்துக்குப் பின் அது தொடங்கியது என்பதே அதிகம் உதவும். கிறீம் முகத்தில் இருக்கும்போதே, அல்லது கழுவிய சில மணி நேரத்துக்குள், எரிச்சலும் இறுக்கமும் தொடங்கி, பூசிய இடத்தின் எல்லையோடு சிவப்பு நின்றுவிட்டால் அது பெரும்பாலும் எரிச்சல்வகைத் தோலழற்சி. ஐதரசன் பரொட்சைட்டும் அமோனியாவும் கலந்த பிளீச், கிளைக்கோலிக் போன்ற அமிலங்கள், முரட்டு ஸ்கிரப், நீராவியை அதிக நேரம் பிடித்தல் ஆகியவை இதற்கு வழக்கமான காரணங்கள். இதில் ஒவ்வாமை என்று ஒன்றும் இல்லை. தோலின் மேற்படை காயப்பட்டிருக்கிறது. அதே பொருளை அதே நேரம் வைத்திருந்தால் யாருடைய தோலும் ஏறத்தாழ இப்படித்தான் ஆகும். சில நாட்களில் உரிந்து ஆறிவிடுவது இதன் இயல்பு.

பேஷியல் முடிந்த அன்று முகம் பளபளவென்றிருந்து, மறுநாளோ அதற்கு மறுநாளோ, அதாவது 24 முதல் 72 மணி நேரத்துக்குள், எரிச்சலைவிட அரிப்பே மேலோங்கி, சிறு நீர்க்கொப்புளங்கள் தோன்றி, பூசாத கழுத்துக்கும் காதுக்கும் கூடப் பரவினால், அது ஒவ்வாமைத் தோலழற்சியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். வாசனைப் பொருட்கள், கிறீம் கெட்டுப்போகாமலிருக்கச் சேர்க்கும் மெதைல்ஐசோதயசொலினோன் போன்ற பதனப் பொருட்கள், மூலிகை எண்ணெய்கள், லனொலின், நெயில் பொலிஷில் உள்ள பிசின் எல்லாம் இந்தப் பட்டியலில் உண்டு. ‘போன முறையும் இதே கிறீம்தான் போட்டார்கள், ஒன்றும் ஆகவில்லை’ என்ற வாதம் இங்கே அந்தக் கிறீமை விடுதலை செய்யாது. உடம்பு ஒரு பொருளை முதலில் அடையாளம் கண்டு வைத்துக்கொண்ட பின்னர்தான் இந்த வகை ஒவ்வாமை வெளிப்படும் என்பதால், முன்பு பழகிய பொருளே குற்றவாளியாக இருப்பது சாதாரணம். இது முழுதாக அடங்க இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கலாம்.

மூன்றாவது வகை, சில நிமிடங்களிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் கொசு கடித்தது போன்ற தடிப்புகள் எழும்பி, இடம் மாறி, சில மணி நேரத்தில் தாமாக மறைவது. ஒவ்வாமை மாத்திரைக்கு நன்றாகக் கட்டுப்படுவது இதுதான். முன்பு சொன்ன அபாய அறிகுறிகள் இதோடு சேர்ந்து வரக்கூடும் என்பதால் முதல் சில மணி நேரம் ஆளைத் தனியே விடக் கூடாது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். கல்யாணத்துக்கு முன் ஒரே நாளில் புருவம் எடுத்து, முடிக்குக் கலர் அடித்து, பேஷியலும் செய்துகொண்டு, மறுநாள் கையில் கருமருதாணியும் வைத்துக்கொள்பவர்கள், முகம் வீங்கியதும் பேஷியலைத்தான் குற்றம் சொல்வார்கள். நெற்றியின் முடியோரம், காதுமடல், பிடரி ஆகிய இடங்களில் அரிப்பு அதிகமாக இருந்து, கண்ணிமைகள் மூடிப்போகுமளவுக்கு வீங்கியிருந்தால், முடிச்சாயத்தில் உள்ள பாராபினைலின்டைஅமைனையே முதலில் சந்தேகிக்க வேண்டும். கருமருதாணியிலும் அதே பொருள் சேர்க்கப்படுவதுண்டு. பேஷியலைக் கைவிட்டு முடிச்சாயத்தைத் தொடர்பவருக்கு அடுத்த முறை இன்னும் கடுமையாக வரும்.

வீட்டிலேயே இருந்து பார்ப்பது

எந்த வழியில் போவதானாலும் முதல் சில மணி நேரம் வீட்டில்தான் கழியும். அந்த நேரத்தில் செய்ய வேண்டியது மிகக் குறைவு, செய்யாமல் விட வேண்டியதுதான் அதிகம். இளஞ்சூடும் இல்லாத சாதாரண நீரில், சவர்க்காரமின்றி, தேய்க்காமல் முகத்தைக் கழுவி எஞ்சியிருப்பதை நீக்க வேண்டும். சுத்தமான பருத்தித் துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்து 10 முதல் 15 நிமிடம் வரை ஒற்றிவைத்து, ஒரு நாளில் சில தடவை அப்படிச் செய்ய வேண்டும். பிறகு வாசனை சேராத வெள்ளை வஸலினை மெல்லியதாகப் பூசலாம். நுவரெலியாவின் மார்கழி, தைக் குளிரில் வெந்நீரைத் தொடாதே என்று சொல்வது எழுதுபவருக்கு எளிது, கேட்பவருக்கு எளிதல்ல என்பது தெரியும். ஆனாலும் சூடான நீர் அரிப்பை ஒரு நிமிடம் அடக்கிவிட்டு ஒரு மணி நேரத்துக்குக் கூட்டிவிடும். விறகடுப்பின் முன் குனிந்திருப்பதும், மழைக்குப் போடும் கொங்காணியின் முரட்டு விளிம்பு கன்னத்தில் உரசுவதும் அப்படியே.

மலைநாட்டில் வெயில் சுடாது என்ற நம்பிக்கை இந்த விடயத்தில் நமக்கு எதிராக வேலை செய்கிறது. கடல்மட்டத்திலிருந்து ஒவ்வோர் ஆயிரம் மீற்றர் உயரத்துக்கும் புறஊதாக் கதிரின் வலிமை ஏறத்தாழ 10 வீதம் கூடுகிறது. நுவரெலியா 1,868 மீற்றரில் இருக்கிறது. மெல்லிய மூடுபனியும் முகிலும் அந்தக் கதிரில் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடும். நம்முடையதைப் போன்ற மாநிறத் தோலில் அழற்சி ஆறிய இடத்தில் கறுப்புத் திட்டு நிற்பது வழக்கம். வெயில் பட்டால் அந்தத் திட்டு கறுத்து, மாதக்கணக்கில் தங்கும். புண்ணான முகத்தில் சன் கிறீம் எரியும் என்பதால், ஆறும் வரை குடையும் அகன்ற விளிம்புத் தொப்பியுமே நல்லது. பேஷியலால் வந்த சிவப்பு சில வாரத்தில் போய்விடும், அதற்குப் பின் வரும் கறுப்புதான் ஆறு மாதம் மனதை அரிக்கும்.

கற்றாழை, சந்தனம், மஞ்சள், எலுமிச்சை, மரமஞ்சள் சேர்ந்த வெனிவெல் கிறீம் ஆகியவற்றை இந்த நாட்களில் ஒத்திவைக்க வேண்டும் என்பதே என் கருத்து. ஆயுர்வேதத்தையோ சித்த வைத்தியத்தையோ குறைத்துச் சொல்லும் நோக்கம் எனக்கில்லை. மேற்படை கிழிந்த தோலின் வழியாக எந்தப் புதுப் பொருளும் எளிதில் உள்ளே போய்ப் புதிய ஒவ்வாமையை உண்டாக்கலாம். பிறகு பேஷியல் கிறீமா, சந்தனமா, கற்றாழையா என்று பிரித்தறிய முடியாமல் போய்விடும். எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் அதுவே தனியாக ஒரு புண்ணையும் கறையையும் உண்டாக்கும். பதிவுபெற்ற ஆயுர்வேத வைத்தியரிடம் போக விரும்புபவர் போகலாம். பக்கத்து வீட்டார் அரைத்துக் கொடுப்பதைப் பூசுவதற்கு அந்தப் பெயரைச் சூட்ட வேண்டாம்.

எரிச்சல்வகையாக இருந்து, கொப்புளம் இல்லாமல், மறுநாள் காலையில் சற்றேனும் குறைந்திருந்தால் வீட்டில் இருப்பதே போதுமான தீர்வு; அதற்கு மேல் ஒரு சதமும் செலவழிக்கத் தேவையில்லை.

பாமசியின் டியூப்

உண்மையில் மலையகத்தில் பெரும்பாலானோர் தேர்ந்தெடுப்பது இந்த வழியைத்தான். அதற்குக் காரணம் அறியாமை என்று ஒதுக்குவது நியாயமல்ல. ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போகும். அரைப்பேராவது கிடைக்குமா என்று கங்காணியிடம் கேட்டு நிற்க வேண்டும். பஸ்ஸுக்கும் வரிசைக்கும் நாள் கழியும். பாமசியோ மாலை ஏழு மணிக்கும் திறந்திருக்கும், முகத்தைப் பார்த்த உடனேயே ‘அக்கா, இதக் காலையும் ராவும் பூசுங்க, மூணு நாள்ல போயிரும்’ என்று ஒரு டியூபைக் கையில் வைக்கும். அந்தச் சொல் பொய்யும் அல்ல. மூன்று நாளில் போய்விடும். சிக்கலே அங்கேதான் இருக்கிறது.

அந்த டியூபில் இருப்பது பெரும்பாலும் பீட்டாமெத்தசோன் அல்லது குளோபீட்டாசோல் போன்ற, அழற்சியை அடக்கும் வீரியமான ஸ்டீரொயிட் மருந்து, அல்லது அதனுடன் பூஞ்சைக்கும் கிருமிக்கும் ஒவ்வொரு மருந்து சேர்த்த கலவை. இவை வைத்தியரின் மருந்துத் துண்டுக்கு விற்க வேண்டியவை. கைகால் தோலுக்கு வைத்தியர்கள் எழுதிக்கொடுக்கும் இவற்றை முகத்தில், அதிலும் இமையில், யாரும் பார்க்காமல் பூசுவது வேறு விடயம். முகத்தோல் மெல்லியது, மருந்தை அதிகம் உறிஞ்சும். மூன்று நாளில் முகம் தெளிந்து, முன்பைவிட வெளுத்தும் தெரியும். நிறுத்திய சில நாட்களில் சிவப்பு திரும்பும். மறுபடி பூசினால் மறுபடி தெளியும். இப்படிச் சில வாரம், சில மாதம் போனவர்களின் முகத்தில் தோல் மெலிந்து, சிவப்பு இரத்தக் குழாய்கள் தெரிந்து, வாயைச் சுற்றிப் பருக்கள் கிளம்பி, வெயிலில் நிற்க முடியாத எரிச்சல் வந்துவிடும். கண்ணருகே நெடுநாள் பூசினால் கண்ணழுத்தம் கூடும். பேஷியலால் வந்தது சில வார நோய், டியூபால் வருவது வருடக்கணக்கில் இழுக்கும் நோய்.

அந்தக் கலவையில் நியோமைசின் இருந்தால், அதுவே ஒவ்வாமையைத் தரும் பொருட்களில் நன்கு அறியப்பட்ட ஒன்று. பேஷியலின் அழுத்தத்துக்குப் பின் சிலருக்கு உதட்டோரத்தில் ஹேர்பீஸ் என்ற வைரஸ் கொப்புளம் கிளம்புவதுண்டு. அதை ஒவ்வாமை என்று எண்ணி ஸ்டீரொயிட் பூசினால் அது முகமெங்கும் பரவலாம். அரிப்பைவிட வலி அதிகமாக, கொத்தாகக் கொப்புளம் இருந்தால் அந்த டியூபைத் திறக்கவே கூடாது.

இதனால் பாமசிக்கே போகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. போவதானால் கேட்டு வாங்க வேண்டியவை வேறு. வாசனையற்ற வெள்ளை வஸலின் ஒன்று. அரிப்புக்குச் செட்டிரிசின் அல்லது லொரட்டடின் மாத்திரை இன்னொன்று. தடிப்பு வகைக்கு இவை நன்றாகக் கேட்கும், தாமதமாக வரும் ஒவ்வாமைத் தோலழற்சிக்கு ஓரளவே உதவும். மலிவான பிரிட்டனும் வேலை செய்யும், ஆனால் தூக்கத்தைத் தரும். கவ்வாத்துக் கத்தி பிடிப்பவரும் வண்டி ஓட்டுபவரும் அதைப் பகலில் போடக் கூடாது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் வேறு மருந்து எடுப்பவர்களும் எதையும் கேட்காமல் விழுங்க வேண்டாம். 1 வீத ஹைட்ரோகோர்ட்டிசோன் என்பது வீரியம் குறைந்த ஸ்டீரொயிட். முகத்துக்குச் சில நாட்கள் மட்டும் பூச வைத்தியர்கள் எழுதுவது பெரும்பாலும் அதைத்தான். பெயரைச் சொல்லிக் கேட்டாலும், ‘அதவிட இது நல்லா வேல செய்யும்’ என்று வேறொன்றை எடுத்துக் கொடுத்தால், பெட்டியின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் மருந்துப் பெயரை வாசித்துப் பார்ப்பது அவசியம்.

செய்துவிட்ட இடத்துக்குத் திரும்புவது

சிகிச்சைக்காகத் திரும்பிப் போவது இருப்பவற்றுள் மிக மோசமான தெரிவு. தகவலுக்காகப் போவது மிக நல்ல தெரிவு. இரண்டையும் பிரித்தே பார்க்க வேண்டும். ‘சூதிங் பேஷியல்’ ஒன்றை இலவசமாகச் செய்து சரிப்படுத்துகிறோம் என்று அங்கே சொன்னால் நன்றி கூறி மறுத்துவிட வேண்டும். அன்று முகத்தில் எவற்றை, எந்த வரிசையில் பூசினார்கள் என்று கேட்டு, ஒவ்வொரு போத்தலின் பின்புறத்தையும் உள்ளடக்கப் பட்டியல் தெரியும்படி கையடக்கத் தொலைபேசியில் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். பிறகு எந்த வைத்திய நிபுணரிடம் போனாலும் இந்தப் படங்கள்தான் அவர் முதலில் கேட்பது. சண்டைக்குப் போனால் போத்தல் அலுமாரிக்குள் போய்விடும்; ஆகையால் குரலைத் தாழ்த்திப் பேசுவது நமக்கே லாபம். பெயர்ச்சீட்டு இல்லாத டப்பாவிலிருந்து அள்ளிப் பூசியிருந்தாலோ, முகம் வெளுக்கும் என்று சொல்லித் தயாரிப்பாளர் விபரமில்லாத கிறீம் ஒன்றைக் கொடுத்தனுப்பியிருந்தாலோ, அதை உடனே நிறுத்திவிட்டு எறியாமல் வைத்துக்கொள்ள வேண்டும். வெளுப்புக் கிறீம்களில் பாதரசமும் மறைத்துச் சேர்த்த ஸ்டீரொயிடும் இருப்பது உலகெங்கும் கண்டறியப்பட்ட செய்தி. முறைப்பாடு செய்ய விரும்புபவர் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்தை அழைக்கலாம். பற்றுச்சீட்டும் படங்களும் இருந்தால் அந்த முறைப்பாட்டுக்கு வலு சேரும்.

அரசாங்க வைத்தியசாலையும் தோட்ட டிஸ்பென்சரியும்

தோட்டத்து டிஸ்பென்சரி பக்கத்தில் இருக்கிறது, காசு இல்லை, அங்கிருப்பவர் நம்மை அறிந்தவர். ஆனால் பல இடங்களில் அங்கே இருப்பவர் பட்டம் பெற்ற டொக்டர் அல்லர், கையிருப்பில் உள்ள மருந்துகளும் குறைவு. முகத்தில் கொப்புளம் இல்லாத தடிப்புக்கு மாத்திரை வாங்கவும், காய்ச்சல் இருக்கிறதா என்று பார்க்கவும், பெரிய ஆஸ்பத்திரிக்குத் துண்டு எழுதிவாங்கவும் அது போதும். மருந்து பூச வேண்டிய கட்டத்தில் அதை இறுதி முடிவாகக் கொள்ள வேண்டாம்.

பிரதேச, ஆதார வைத்தியசாலைகளின் வெளிநோயாளர் பிரிவைத்தான் இந்த ஒப்பீட்டில் நான் உயர்த்திப் பிடிக்கிறேன். ஹட்டன் பக்கத்தவர்களுக்கு, 2017 இல் இந்திய உதவியோடு புதுக் கட்டடம் திறக்கப்பட்ட டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலை இருக்கிறது; நுவரெலியாவில் மாவட்டப் பொது வைத்தியசாலை, ஊவாப் பக்கத்தவர்களுக்குப் பதுளை வைத்தியசாலை. அங்கே இருப்பவர் தோல் நிபுணராக இல்லாமல் இருக்கலாம். ஆனால் முதல் நாட்களில் தேவைப்படும் முடிவுகளுக்கு நிபுணர் தேவையில்லை: இது ஒவ்வாமையா கிருமித்தொற்றா ஹேர்பீஸா, பூசும் ஸ்டீரொயிட் வேண்டுமா, வேண்டுமென்றால் எந்த வீரியத்தில் எத்தனை நாள், வீக்கம் கடுமையாக இருந்தால் குறுகிய காலத்துக்கு ஸ்டீரொயிட் மாத்திரை கொடுக்கலாமா என்பவற்றை ஒரு பொது வைத்தியர் பார்த்தே சொல்லிவிடுவார். அது இலவசம். பாமசியின் டியூபுக்கும் அவர் எழுதும் டியூபுக்கும் உள்ள வேறுபாடு, அவருடையதில் நிறுத்தும் நாள் எழுதியிருக்கும் என்பது. ஒரு நாள் பேர் போவது உண்மையான இழப்புத்தான். டியூபில் மாட்டிக்கொண்டு பிறகு கண்டிக்கு அலையும் நாட்களோடு சேர்த்துப் பார்த்தால் அது சிறிய இழப்பு.

பின்வருவனவற்றில் ஏதேனும் இருந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடக் கூடாது: கண் திறக்க முடியாத வீக்கம், நீர் வடியும் கொப்புளங்கள், தேன் நிறப் பொருக்கு அல்லது சீழ், காய்ச்சல், தோல் வெந்து வெள்ளையாகவோ கறுப்பாகவோ மாறிய திட்டு. கடைசியாகச் சொன்னது இரசாயனத் தீப்புண். அதற்கு ஒவ்வாமை மாத்திரையால் பயனில்லை.

கல்யாணத்துக்கு நாள் குறைவாக இருக்கிறது என்பதாலேயே பலர் பாமசியை நாடுகிறார்கள். நான் அதற்கு நேர்மாறாகச் சொல்வேன். நாள் குறைவாக இருப்பவருக்குப் பரிசோதித்துப் பார்க்க நேரமில்லை. ஆகவே அவர்தான் எல்லோருக்கும் முன்னதாக வைத்தியரைப் பார்க்க வேண்டும். நாலு நாள் கழித்து மணவறையில் அமர வேண்டும் என்று அவரிடமே சொல்லிவிட்டால், அதற்கேற்ப அவர் மருந்தைத் திட்டமிடலாம். அலங்காரம் செய்ய வருபவரிடமும் முன்கூட்டியே சொல்லி, முகத்தில் புதிய பொருள் எதையும் தொடாமல், நாம் நெடுநாள் பாவித்துப் பழகிய பவுடரோடும் கண்மையோடும் நிறுத்திக்கொள்ளச் சொல்ல வேண்டும். தோல் வெடித்து நீர் வடியும் இடத்தில் அதுவும் கூடாது.

நிபுணரிடம் எப்போது போவது

செனல் செய்து நிபுணரைப் பார்ப்பதில் உள்ள நன்மை, நாளையோ மறுநாளோ மாலையில் பார்த்துவிடலாம் என்பது. அரசாங்கத் தோல் கிளினிக்குக்குத் துண்டோடு போய்த் திகதி வாங்கிக் காத்திருக்க வேண்டும். ஆனால் முதல் நாளே அந்தப் பணத்தைக் கட்டுபவர், பெரும்பாலும் ஆதார வைத்தியசாலையில் கிடைக்கும் அதே அறிவுரையையும் அதே மென்மையான கிறீமையும்தான் வாங்கி வருவார். நிபுணரின் திறமை வெளிப்படும் இடங்கள் வேறு: இரண்டு வாரம் கடந்தும் குறையாதது, அடங்கி மீண்டும் மீண்டும் வருவது, டியூபால் கெட்ட முகம், ஆறியபின் நிற்கும் கறுப்பு, எந்தப் பொருள் என்று கண்டறிய வேண்டிய தேவை. இந்தக் கட்டத்தில் செனலுக்கும் கிளினிக்குக்கும் இடையே பார்க்கும்போது, கிளினிக்கை நான் தேர்வேன். ஒருமுறை பார்த்து முடியாத விடயம் இது, ஒவ்வொரு வருகைக்கும் பணம் கட்டுவது பலருக்குக் கட்டாது. காத்திருக்கும் நாட்களில் முகம் ஆறிவிட்டால் காட்ட ஒன்றும் இருக்காதே என்று கவலைப்பட வேண்டாம். பகல் வெளிச்சத்தில் ஒவ்வொரு நாளும் எடுத்துவைத்த படங்களைக் காட்டலாம்.

காரணத்தைக் கண்டறியும் முறை பட்ச் சோதனை. சந்தேகத்துக்குரிய பொருட்களைச் சிறு வட்டங்களாக மேல்முதுகில் ஒட்டி, 48 மணி நேரத்துக்குப் பின் எடுத்துப் பார்த்து, பெரும்பாலும் 96 மணி நேரத்தை ஒட்டி மறுபடியும் பார்ப்பார்கள். அதாவது ஒரே வாரத்தில் மூன்று தடவை போக வேண்டும். கண்டி போன்ற பெரிய இடங்களிலும் இது எல்லா நாட்களிலும் எல்லா இடத்திலும் நடப்பதல்ல என்பதால், பயணத்துக்கு முன் அந்தக் கிளினிக்கில் கேட்டு உறுதிசெய்ய வேண்டும். அந்த நாட்களில் முதுகு நனையக் கூடாது, வியர்க்கவும் கூடாது. கொழுந்து பறிப்பவருக்கு இது இன்னொரு விதத்திலும் பொருந்தாது: கூடை தொங்குவதே முதுகில்தான். அவர் அந்த வாரம் மலைக்குப் போகாமல் இருக்க வேண்டும் என்பதை முன்பே சொல்லி, லீவுக்கு ஒரு துண்டு எழுதித் தருமாறு வைத்தியரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. ஸ்டீரொயிட் மாத்திரை எடுத்துக்கொண்டிருக்கும்போதோ, முதுகில் ஸ்டீரொயிட் பூசியிருக்கும்போதோ சோதனை செய்தால் உண்மையான ஒவ்வாமையும் மறைந்துவிடலாம். முதல் நாள் எடுத்த முடிவு பின்னால் வரும் வழியை அடைக்கும் என்று தொடக்கத்தில் சொன்னதற்கு இதுவும் ஓர் எடுத்துக்காட்டு.

இவ்வளவும் தேவைப்படாதவர்கள், முகம் முழுதாக ஆறிய பிறகு, தம் கையிலிருக்கும், பூசிக் கழுவாமல் விடும் கிறீம் ஒன்றை முழங்கையின் உட்புறத்தில் ஒரு நாணயமளவு இடத்தில் நாளுக்கு இருமுறை வீதம் ஒரு வாரம் பூசிப் பார்க்கலாம். அரிப்போ சிவப்போ தோன்றினால் நிறுத்திவிட வேண்டும். ஒன்றும் தோன்றாவிட்டால் அந்தக் கிறீம் முற்றிலும் தப்பியது என்று பொருளல்ல, சந்தேகம் குறைந்தது என்றே பொருள். பிளீச், பீலிங் அமிலம், கழுவிவிடும் பொருட்கள், முடிச்சாயம் ஆகியவற்றை இப்படிச் சோதிக்கக் கூடாது, அவை தாமாகவே தோலைப் புண்ணாக்கும்.

பட்ச் சோதனையில் ஒரு பொருளின் பெயர் கிடைத்துவிட்டால், அதைத் தாளில் ஆங்கிலத்தில் எழுதித் தருமாறு வைத்தியரிடம் கேட்டு வாங்க வேண்டும். உள்ளடக்கப் பட்டியல்கள் பெரும்பாலும் அந்த எழுத்தில்தான் இருக்கின்றன, சிறிய எழுத்தில். பதனப் பொருட்கள் முகத்துக் கிறீமோடு நிற்பதில்லை. ஷாம்பு, ஈரத் துடைப்பான், பாத்திரம் கழுவும் திரவம் ஆகியவற்றிலும் அவையே இருக்கக்கூடும். அழகுநிலையத்தை மாற்றியும் முகம் மறுபடி அரிக்கிறதென்றால், குளியலறையிலும் அடுப்படியிலும் உள்ள போத்தல்களை அந்தத் தாளோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.